பத்தியம் சொன்னவரின் படையல்

எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. இது பிறவிக் குணமா தொழில் கொடுத்த குணமா என்று என் மனைவி கேட்பாள். தொழில்தான் என்று சொல்வேன். டுரியான் துங்காலுக்கு அப்பால் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடம் குலைகளைத் தரம் பார்க்கும் வேலை செய்தவன் நான். லோரி வந்து குலைகளைக் கொட்டும். மேலே எல்லாம் செக்கச்செவேலென்று பழுத்துக் கிடக்கும். இரும்புக் கொக்கியை விட்டுப் புரட்டினால் அடியில் கறுப்புக் காய்கள் இருக்கும். டிரைவர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், மழை வருமா என்று கவலைப்படுகிறவனைப் போல. இருபத்தாறு வருடம் இதையே பார்த்தால் மனிதன் எப்படி ஆவான்? என்னைப் போலத்தான் ஆவான்.

ஓய்வு பெற்ற பிறகு புரட்டிப் பார்க்கக் குலை இல்லை. ஆட்கள்தான் மிச்சம். அதிலும் உடம்புக்குப் புத்தி சொல்கிறவர்கள் மேல் எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு.

நான் பிறந்த தோட்டத்தில் ஒரு டிரஸர் இருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், தாதி, மருந்து கலக்குகிறவர் எல்லாம் அவரே. கள்ளுக் குடிக்காதே, கருவாட்டைக் குறை, வெந்நீர் குடி என்று தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டே போவார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாள் காலையில் வெந்நீர் போத்தலும் கையுமாக விழுந்து செத்தார். அவர் பேச்சில் ஒன்றையும் கேட்காத ஆள் ஒருவர் எங்கள் லயத்தில் இருந்தார். கள்ளுக்கடைதான் அவருக்கு வீடு. டிரஸரின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத்தான் போனார்.

இதை வைத்துக் கள் நல்லது என்று நான் முடிவு கட்டவில்லை. கட்டியிருந்தால் என் மனைவி என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டாள். என் கேள்வி வேறு. இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே, நூறு வயது இருப்பாய் என்று சொல்கிறவர்கள் தாங்கள் எத்தனை வயது வரைக்கும் இருக்கிறார்கள்? சமையல்காரனிடம் உப்பு சரியா என்று கேட்கிறோம். இவர்களிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தை முதலில் திறந்து வயதைப் பார்ப்பது என் வழக்கமானது. யோகா ஆசிரியர், மூலிகை வைத்தியர், உணவே மருந்து என்று பேசியவர் யாராவது போயிருந்தால் மனைவியைக் கூப்பிட்டு வயதைப் படித்துக் காட்டுவேன். "காலங்காத்தால உங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்பாள்.

ஆனால் வயதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சொன்னதை அவர்கள் செய்தார்களா என்பதல்லவா விஷயம்? அதற்கு என்னிடம் ஒரு சோதனை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்த எட்டாம் நாள் சாயங்காலம், அவர் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, உயிரோடு இருந்தபோது அவர் ஆசையாகச் சாப்பிட்டதை எல்லாம் வைத்துக் கும்பிடுவோம். குடித்தவருக்குப் பீர், புகைத்தவருக்குச் சிகரெட், நாலு நம்பர் லாட்டரி எடுத்தவருக்கு அந்தச் சீட்டு. சாமிக்கு வைப்பதில் கூடக் குறை வைப்பார்கள், செத்தவர் இலையில் வைக்க மாட்டார்கள், கோபித்துக்கொள்வார் என்ற பயம். கோயில் கமிட்டியில் சுத்த சைவர் என்று பெயர் எடுத்த ஒருவரின் படையலுக்குப் போயிருந்தேன். அவர் மகள் அழுதுகொண்டே கொண்டுவந்து வைத்தது நண்டுப் பிரட்டல். "அப்பாவுக்கு உசுரு" என்றாள். கமிட்டிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்தேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், மனிதன் எதைத் தின்றான் என்று அறிய எட்டாம் நாள் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

இந்தப் புத்தியோடு இருந்தவன் வீட்டுக்குள்தான் மாஸ்டரின் பேச்சு வந்தது.

எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தஞ்சோங் கிளிங்கில் வீடு. அறுபதைத் தாண்டியவர். வயிறு ஒட்டி, முதுகு நேராக, வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கூட இல்லாமல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயில் மண்டபத்தில் பேசுவார். சோறு விஷம், சீனி விஷம், கோதுமை அதைவிட விஷம். சாமைக் கஞ்சி, முருங்கைக் கீரை, இரண்டு வேளை பாகற்காய்ச் சாறு. பொழுது இறங்கினால் வாய்க்குப் பூட்டு. "எனக்கும் இனிப்புநீர் இருந்துச்சு. எட்டு வருஷமா ஒரு மாத்திரை தொட்டதில்ல. நூறு வயசு வரைக்கும் இருப்பேன், வந்து பாருங்க" என்பார். காசும் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். காசுக்குப் பொய் சொல்கிறவனைப் புரிந்துகொள்ளலாம். சும்மா சொல்கிறவனை என்ன செய்வது?

என் மனைவிக்கு அப்போது இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வந்து நான்கு வருடம். கிளினிக்கில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் அண்ணன் பத்து வருடம் மாத்திரை விழுங்கிவிட்டு, கடைசியில் வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போய்ப் போய்ச் செத்தவர். மாத்திரைதான் அண்ணன் சிறுநீரகத்தைத் தின்றது என்பது அவள் முடிவு. நோய்தான் தின்றது என்று நான் சொன்னால், "நீங்க பெரிய டாக்டர்" என்பாள். மாஸ்டர் சொன்னது அவள் ஏற்கெனவே நம்பியதற்கு மேல் விழுந்த மழை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலிருந்து வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

சண்டை போட்டேன். கெஞ்சினேன். "இன்னொரு தடவை மாத்திரைன்னு சொன்னீங்கன்னா தங்கச்சி வீட்டுக்கு சிரம்பான் போயிடுவேன். அப்பறம் நீங்களே ஆக்கித் தின்னுங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள். நான் வாயை மூடிக்கொண்டு வேறு வழியில் இறங்கினேன். மாஸ்டரைப் புரட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலைக்குப் போனேன். மாஸ்டர் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று தோன்றியதும் உண்மைதான். எட்டரைக்கு அவர் வெளியே வந்தார். நடந்தார். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் போடும் ஒரு கடைக்குள் நேராக நுழைந்தார். என் நெஞ்சு குளிர்ந்தது. ஊருக்கு உபதேசம், தனக்கு ரொட்டி சானாய். பின்னாலேயே போய் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து ஒரு பால் தேநீர் சொன்னேன். அவருக்கு எதிரே ஒரு சிநேகிதர் இரண்டு ரொட்டியும் பருப்புக் குழம்புமாகச் சாப்பிட்டார். மாஸ்டர் அரை மணி நேரம் பேசினார். ஒரு கிளாஸ் வெந்நீர் குடித்தார். அவ்வளவுதான். எழுந்து போகும்போது என்னைப் பார்த்துவிட்டார். "என்னா அண்ணே, காலையிலேயே தே தாரேவா? சீனிய குறைங்க லா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முன்னமே என்னைப் பார்த்திருப்பார், அதனால்தான் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வெந்நீர்தான்.

அதற்குள் மாத்திரை நிறுத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. மனைவி இளைத்தாள். மாஸ்டர் அதைக் காட்டிப் பாராட்டினார். தாகம் என்று குடம் குடமாகக் குடித்தாள். உடம்பிலிருந்து கழிவு வெளியேறுகிறது என்றார். ஒரு சனிக்கிழமை கோலா சுங்கை பாரு பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று ஒரு நிமிடம் அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். மாஸ்டர் மேல் இருந்த சந்தேகம், வம்பு, வீம்பு எல்லாம் ஒரு பக்கம் போய், வெறும் பயம் மட்டும் இருந்தது. தெளிந்ததும், வெயில்தான், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்று மாலையே அதைச் செய்தேன்.

வீட்டில் பாகற்காய்ச் சாறு போடுவது என் வேலை. "சும்மாதானே இருக்கீங்க" என்று அவள்தான் அதை என் தலையில் கட்டினாள். கிளினிக்கில் கொடுத்து, அவள் தொடாமல் வைத்திருந்த மாத்திரைப் பை அலமாரியில் கிடந்தது. ஒன்றை எடுத்து, மிளகு இடிக்கும் சின்னக் கல்லில் இடித்து, சாற்றில் கலந்து கொடுத்தேன். மாத்திரை கசக்கும். பாகற்காய் அதைவிடக் கசக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டாக்டர் சொன்ன கணக்குத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாத்திரைகளை ஆணி போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டின்னுக்கு மாற்றி, பை எங்கே என்று அவள் கேட்டபோது குப்பை லோரியில் போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

ஒரு நாள் டம்ளரைச் சாய்த்துப் பார்த்து, "என்னாங்க, அடியில மாவு மாதிரி நிக்குது?" என்றாள்.

"விதை லா. மிஷின்ல அரைபட்டிருக்கும்" என்றேன். என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. லோரி டிரைவர்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

கிளினிக்குக்குப் போவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. தன் வெற்றியை இரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. நான்கு மாதம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை எண் நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள், இதையே தொடருங்கள் என்று டாக்டர் பெண் சொன்னாளாம். இவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறாள். காரில் ஏறியதும் புது மாத்திரைப் பையை என் மடியில் போட்டாள்.

"இதைக் கொண்டுபோய் குப்பையில போடுங்க. பாவம் அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு வாங்கிக்கிட்டேன்."

பையை வாங்கிக்கொண்டேன். பிஸ்கட் டின் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டோம் என்ற பெருமை கூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அவளை மண்டபத்தில் முன்னால் கூப்பிட்டார். கையில் கிளினிக் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். "அப்போ இருந்த எண் இது. இப்போ இது. மாத்திரை ஒன்னு கூட இல்ல. எல்லாம் பாகற்காயும் மாஸ்டர் சொன்ன பத்தியமும்தான்" என்றாள். கைதட்டினார்கள். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் கை தட்டினேன். தட்டாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரே. அடுத்த ஞாயிறு மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. தான் செய்யாத அற்புதத்தை மாஸ்டர் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார், அதைச் செய்த ஆள் பின்னால் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

எங்கள் தாமான் குடியிருப்பில் பின் வரிசை வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் இல்லை, மகன் சிங்கப்பூரில் வேலை. தோட்டத்திலிருந்து எங்களோடு வெளியேறி வந்தவர், என் மனைவிக்குக் கூடப் பிறக்காத அக்கா மாதிரி. அவருக்கும் இனிப்புநீர். மண்டபத்தில் என் மனைவி பேசிய மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வாசலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். வலது கால் பெருவிரலில் ஒரு புண். மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்.

"கிளினிக் போங்க அக்கா. மாத்திரைய நிறுத்தாதீங்க லா" என்றேன்.

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரம்மாவே நிறுத்திட்டாங்களே தம்பி. நல்லாத்தானே இருக்காங்க?"

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அது மாலைக்குள் என் மனைவி காதுக்குப் போகும். அவள் சாற்றைக் கொட்டுவாள், பையைத் தூக்கிக்கொண்டு சிரம்பான் போவாள், அங்கே எந்தப் பாசாரில் எந்த ஈரத் தரையில் உட்காருவாளோ. "அவளுக்கு உடம்புவாகு வேற அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதன் பிறகு பின் வரிசைப் பக்கம் நடப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் மாஸ்டர் இறந்துபோனார். மாரடைப்பு. காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறார். பத்திரிகையில் வயதைப் பார்த்தேன். அறுபத்திரண்டு. மனைவியிடம் படித்துக் காட்டவில்லை. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனம் எட்டாம் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ரொட்டி சானாய்க் கடையில் என்னை ஏமாற்றியவர் இலையில் ஏமாற்ற முடியாது. ஆட்டிறைச்சி இருக்கும், அல்லது பால் சேர்த்த இனிப்புக் கோப்பியாவது இருக்கும். அதை அவள் கண்ணால் பார்த்தால் போதும். அவளே கை நீட்டி மாத்திரை கேட்பாள். பிறகு அக்காவிடமும் அவளே சொல்லிவிடுவாள். நான் எதையும் ஒத்துக்கொள்ளாமலே எல்லாம் சரியாகிவிடும். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

தஞ்சோங் கிளிங் வீட்டில் நாற்பது பேர் இருப்பார்கள். மாஸ்டர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் பெரிய தலைவாழையிலை. பெண்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சாமைக் கஞ்சி. முருங்கைக் கீரை. பாகற்காய் பொரியல், எண்ணெய் கூடப் பளபளக்கவில்லை. பப்பாளித் துண்டு. ஒரு பிளாஸ்கில் வெந்நீர். அவ்வளவுதான். அவர் சொன்னதைத்தான் தின்றிருக்கிறார். என் ஆயுசில் முதல் தடவையாக, புரட்டிப் பார்த்த குலைக்கு அடியிலும் பழமே இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் என் மனைவி கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். இனி இவள் மாத்திரையைத் திரும்பியும் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன்.

கடைசியாக மாஸ்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு மாத்திரை அட்டை. குனிந்து, கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

எனக்கு உயிர் வந்தது. பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். எட்டு வருடமாகத் தொட்டதில்லை என்றவர் திருட்டுத்தனமாக விழுங்கியிருக்கிறார். என் மனைவியின் கையை முழங்கையால் இடித்தேன், பார் பார் என்று.

"அம்மா, என்னாம்மா இது? அப்பாதான் மருந்தே சாப்பிட மாட்டாரே" என்றாள் மகள்.

அந்த அம்மா நிமிரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "உங்கப்பாவுக்குத் தெரியாது. எட்டு வருஷமா நான்தான் மருந்துக் கடையில வாங்கி, இடிச்சுக் கஞ்சில போட்டேன். பாகற்காய் கூட இருந்தா கசப்பு தெரியாது. உன் பிரசவத்துக்கு இப்ப ஜொகூர் வந்தேனே, இந்தக் கடைசி ரெண்டு மாசம் அவரே காய்ச்சிக் குடிச்சாரு. எனக்கு என்னா செய்யிறதுன்னு தெரியல. சொன்னா மாத்திரையும் சாப்பிட மாட்டாரு, என் கையால கஞ்சியும் வாங்க மாட்டாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "இன்னைக்காவது தெரிஞ்சு சாப்பிடட்டும்."

அந்த இரண்டு மாதத்தால்தான் அவர் இறந்தாரா என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் மண்டபத்தில் அவர் எங்களிடம் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பாவம், அந்த மனிதர் தன் உடம்பையே சாட்சியாக வைத்துப் பேசினார். அந்தச் சாட்சிக்கு அடியில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

என் முழங்கை இன்னும் மனைவியின் கையோரம்தான் இருந்தது. அவள் இலையைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஏறி, கடற்கரைச் சாலையைத் தாண்டினோம். சமிக்ஞை விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"அந்த மாவு. அது விதை இல்லைதானே?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். காரை ஓரமாக நிறுத்தினேன்.

"இல்ல" என்றேன்.

"எப்ப இருந்து?"

"மீன் பாசார்ல நீ உக்காந்தியே. அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயமாக இருந்தது, நீ போய்விடுவாயோ என்று இருந்தது என்றெல்லாம் சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. "மைக்க புடிச்சுப் பேசினேனே" என்றாள். பிறகு, "அக்கா வீட்டுக்கு விடுங்க" என்றாள்.

அக்கா காலை நாற்காலியில் தூக்கி வைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். விரல் கறுத்துப் போயிருந்தது. அறைக்குள் நுழைந்ததும் வாடை தெரிந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்து, அக்காவின் முழங்காலில் கையை வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மாஸ்டர் மனைவி சொன்னது, டம்ளர் அடியில் நின்ற மாவு, பிஸ்கட் டின். "நான் பாகற்காய்ல நல்லாவல அக்கா. மாத்திரையிலதான் நல்லானேன். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். என்ன மன்னிச்சிருங்க."

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். "உனக்குத் தெரியாதே. நீ என்னா செய்வ" என்றார். பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்ல, தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கார் சாவியை எடுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம் அக்கா" என்றேன். அந்த வாரமே பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள்.

இப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள் அக்காவைக் கட்டு மாற்ற நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன். பின் இருக்கையில் இரண்டு பெண்களும் பேசிக்கொண்டு வருவார்கள். அந்தக் கேள்வியை அக்கா திரும்பக் கேட்கவில்லை. மாஸ்டர் இல்லாத மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மறுபடியும் மைக்கைப் பிடித்து, கிளினிக் புத்தகத்தைக் காட்டி, அந்த எண் எப்படி இறங்கியது என்று சொன்னாள். புருஷன் பெயரைச் சொல்லாமல் "என் வீட்டுல இருக்கவங்க" என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ஆனால் மறுவாரம் கிளினிக்கில் தெரிந்த முகங்கள் நாலைந்து வரிசையில் நின்றன.

அவள் மாத்திரை சாப்பிடுகிறாள். இடிக்காமல், முழு மாத்திரையாக. காலையில் உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுகிறாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறேன். வாங்கி மேசையில் வைக்கிறாள். பிறகு எழுந்து போய்த் தனக்கு வேறு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொள்கிறாள்.